பம்பை யார் அடிப்பது?

ஹிஞ்சவடி ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, வெளிநாட்டு உயரக் கட்டடம் ஒன்றுக்குச் சாயும் கண்ணாடி மேடை வரைந்துகொண்டிருந்தோம். சிகாகோவில் 2014இல் வந்த 'டில்ட்' ஜாதி: 94ஆவது மாடியில் எட்டுப் பேர் கம்பியைப் பிடித்து நிற்க, கண்ணாடியோடு சேர்ந்து மேடை வெளிப்பக்கம் 30 டிகிரி சாய்ந்து தெருவைக் காட்டும்.

தள்ளுவது ஹைட்ராலிக் சிலிண்டர். ஹோஸ் வெடித்தால் மேடை சடாரென்று விழுந்துவிடக் கூடாதே! அதற்காகச் சிலிண்டரின் வாயிலேயே ஒரு வால்வு. எண்ணெயை உள்ளேயே பூட்டிவிடும். மேடை இருந்த இடத்திலேயே நிற்கும். எங்கள் பாஷையில் இதற்குப் பெயர் 'பாதுகாப்பான நிலை'. எந்திரத்துக்குச் சரி. கண்ணாடியில் நெற்றி பதிய, தெருவைப் பார்த்தபடி மாட்டிக்கொண்டவர்களுக்கு?

அவர்களைத் திரும்ப இழுக்கக் கை பம்பு ஒன்று உண்டு. மீட்பு என்ற தலைப்பில் நான் எழுதியது ஒரே வரி: 'பராமரிப்புக் குழு கை பம்பு மூலம் மீட்கும்.' டிசைன் ரிவியூவில், என்னிடம் வேலை பழகிய பையன் கேட்டான்: "பம்பு மேடைக்கு அடியில் இருக்கே சார், சாய்ஞ்சு நின்னுட்டா அங்கே ஆள் இறங்க வழியில்லையே. யார் அடிப்பாங்க?" எதிரே கிளையன்ட். "முதல்ல உன் ஸ்ட்ரெஸ் கணக்கை முடி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கேட்டது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரியாமல் செய்ததாக இருந்தால் இதை எழுதவே வேண்டாம்.

2022 ஏப்ரல் 10. ஜார்கண்டில் தேவ்கர் அருகே திரிகூட மலை ரோப்வே விபத்தில் சிக்கி நின்றது. கேபின்களில் 40 மணி நேரத்துக்கு மேல் ஜனங்கள் தொங்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வர வேண்டியிருந்தது. மீட்கும்போதே இருவர் விழுந்து இறந்தார்கள். டிவியை அணைத்துவிட்டு ஃபைலைத் திறந்தேன். குழாயை நீட்டி, பம்பை உள்பக்க நடைக்குக் கொண்டுவந்தேன். வரைபட ஓரத்தில் திருத்தக் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கும். அதில் 'பராமரிப்பு வசதிக்காக' என்று எழுதினேன். பச்சைப் பொய்.

பையன் அதற்குள் சாகணில் ஒரு கார் பாகக் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தான். 'முன்யோசனைக்குப் பாராட்டு' என்று கிளையன்ட் எனக்கு மெயில் போட்டார், மேலதிகாரிக்கும் ஒரு பிரதியோடு. அது என் யோசனை இல்லை என்று ஒரு வரி பதில் போட்டிருக்கலாம். அப்ரைசல் மாதம். நன்றி என்று மட்டும் போட்டேன்.