பரண்மேல் இருந்த எண்ணெய்

மௌலா அலிக் குன்றின் அடிவாரத்தில் நாம் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட நமக்கு ரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம். வந்து நிற்கும் வேகன்களிலிருந்து சரக்கை இறக்க வணிகர்களுக்கு இத்தனை மணி நேரம் என்று கெடு உண்டு. கெடு கடந்தால் வேகன் ஒன்றுக்கு மணிக்கு இவ்வளவு என்று டெமரேஜ் எழுதுவோம். ஒருவர் வேகனைத் தேக்கி வைத்தால் வேறெங்கோ ஒருவர் வேகனின்றித் தவிப்பார். அதற்கே அந்த அபராதம். இந்த நியாயத்தை நாள்தோறும் பிறருக்கு எடுத்துரைக்கும் நாம், 2022ஆம் ஆண்டில் செய்த காரியம் ஒன்றை அன்பர்களிடம் ஒப்புக்கொள்ள விரும்புகிறோம்.

அவ்வாண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யா உக்ரைனுக்குள் படை செலுத்தியது. அந்தப் போருக்கும் நம் வீட்டு வாணலிக்கும் என்ன உறவு என்றே முதலில் எண்ணினோம். உறவு இருந்தது. நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. அதில் சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பகுதி அந்நாளில் உக்ரைனிலிருந்தே வந்துகொண்டிருந்தது. போர் மூண்டதும் அந்நாட்டின் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. பாமாயிலை நாடலாமென்றால், ஏப்ரல் 28 முதல் இந்தோனேசியா அதன் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. மே 23இல்தான் தடை நீங்கிற்று.

மார்ச் மாதத்திலேயே ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. விலை நாளுக்கு நாள் ஏறியது. மாதம் நான்கு லிட்டர் போதுமான வீட்டுக்கு நாம் பதினைந்து லிட்டர் டின் இரண்டு வாங்கிப் பரண்மேல் ஏற்றினோம். முன்யோசனை என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டோம்.

நம் தெருவில் கணவரை இழந்த தமிழ் அம்மையார் ஒருவர் இருக்கிறார். முறுக்கும் தட்டையும் சுட்டு நம்மவர் வீடுகளுக்குக் கொடுத்து, அந்த வருவாயில் மகளைப் படிக்க வைக்கிறார். ஒருநாள் மாலை வாசலில் வந்து நின்றார்.

“இனிக் கொஞ்ச நாளைக்கு முறுக்கு இல்லை, தம்பி. கடையில் ஆளுக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் தரமாட்டேன் என்கிறார்கள். தருகிற விலைக்கும் கட்டவில்லை” என்றார்.

“காலம் அப்படி இருக்கிறது, அக்கா” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பரணைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழிந்தது. ஓர் இரவு உண்டுகொண்டிருக்கையில், பத்து மணி நேரம் வேகன்களை விடாமல் வைத்திருந்த வணிகருக்கு அபராதம் எழுதியதைப் பெருமையாகச் சொன்னோம். நம் இல்லாள் பரிமாறுவதை நிறுத்திப் பரணை நிமிர்ந்து பார்த்தாள்.

“மேலே இருப்பதற்கு எத்தனை மணி நேரம் போட்டு எழுதப்போகிறீர்கள்?” என்றாள்.

சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஒரு டின்னைத் தோளில் சுமந்து அந்த அம்மையார் வீட்டில் இறக்கினோம். வாங்கிய விலையை மட்டுமே பெற்றுக்கொண்டோம். நான்காம் நாள் தெருவில் மீண்டும் முறுக்கு மணத்தது.

உலக வாணிபம் என்பது கப்பலும் ரயிலும் லாரியும் கோத்த நீண்ட சங்கிலி. அதன் கடைசிக் கண்ணி நம் வீட்டுப் பரண். கருங்கடலில் அறுந்ததை நம்மால் ஒட்டவைக்க இயலாது. அந்த ஆண்டு ஜூலை 22இல் இஸ்தான்புல்லில் உடன்பாடு கண்ட பின்னரே உக்ரைனின் தானியக் கப்பல்கள் மீண்டும் புறப்பட்டன. ஆனால் அறுந்த சங்கிலியை மேலும் இறுக்குவதும் தளர்த்துவதும் நம் கையில் இருந்தன. எண்ணெய் வணிகர்களுக்கு மத்திய அரசு அவ்வாண்டு இருப்பு வரம்பு விதித்திருந்தது. வீடுகளுக்கு வரம்பு விதிக்க அரசால் ஆகாது. அதை அவரவரே விதித்துக்கொள்ள வேண்டும்.

அந்த அம்மையார் நம்மீது குறை ஏதும் கூறவில்லை. பரணில் எண்ணெய் எப்போது ஏறியது என்று கேட்கவும் இல்லை. அவர் இழந்த மூன்று வார வருவாய் மட்டும் நம் கணக்கில் இன்னும் தீராமலே நிற்கிறது.