நாத்தனார் செய்துகொண்ட லேசர்

அடி கோமு,

கல்யாணத்துக்கு வராமல் போனாயே, மண்டபமே மணப்பெண்ணை விட்டுவிட்டு என் நாத்தனார் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது!

கண்ணோரச் சுருக்கம் போட்டோவில் விழக்கூடாதாம். முகூர்த்தத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது போய் கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்துக்கொண்டு வந்தாள். மரத்துப்போக க்ரீம் தடவியும் சுரீர் சுரீர் என்றதாம். மறுநாள் முகம் முழுக்க வறுத்த ரவையைத் தூவினாற்போல் பழுப்புப் புள்ளி. ஒரு வாரத்தில் அதெல்லாம் உதிர்ந்து பளிச்சென்று ஆகிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் பத்திரிகை வைக்கிறேன் என்று உச்சி வெயிலில் ஊரெல்லாம் சுற்றினாள். கல்யாணத்தன்று இரண்டு கன்னத்திலும் திட்டுத் திட்டாகக் கருப்பு! மேக்கப்காரப் பெண் பாவம், பூசிப் பூசி ஓய்ந்துபோனாள்.

இந்த லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் நம் பாராமதியில் பிறந்த குமார் படேலாம். தங்கையை ஒரு வார்த்தை சொல்ல மனசு வராமல் என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிப் பேச்சை மாற்றினார்.

அப்புறம் எனக்குத் தெரிந்த தோல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். இந்த லேசர் ஒளியைத் தோலில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளுமாம். பட்ட இடம் அப்படியே ஆவியாகிவிடும். ஆரம்பத்தில் மேல்தோலை முழுசாக எடுத்துவிடுவார்கள், ஆற நாளாகும். 2004-இல் பாஸ்டனில் தோல் டாக்டர் ராக்ஸ் ஆண்டர்சன் குழு வேறு வழி சொன்னது: முடி கனத்துக்குப் புள்ளி புள்ளியாகச் சூடு வைத்து, நடுவில் நல்ல தோலை விட்டுவிட்டால் சீக்கிரம் ஆறும். பிறகு கார்பன் டை ஆக்சைடு லேசரிலும் அதே முறை வந்தது. ஆனால் சுருக்கம் குறைய, உள்ளே தோலைத் தாங்கும் புது கொலாஜன் உருவாக மூன்றிலிருந்து ஆறு மாசம் பிடிக்குமாம். தாலி கட்டுகிற நாளுக்குள் சுருக்கம் எங்கே போகும், சொல்லு!

இன்னொன்று, சிவப்புத் தோல்காரர்களுக்கு வைக்கிற அளவில் நமக்கு வைக்கக்கூடாது. மாநிறத் தோலில் சூட்டுக்காயம் பட்டால் தோலுக்கு நிறம் தரும் மெலனின் பொங்கிக் கருக்கும். பல மாசம் கழித்துத்தான் மங்கும். முதலில் காதோரம் ஓர் இடத்தில் வைத்துப் பார்த்து, அளவைக் குறைத்து, வெயிலை மறைக்கச் சொல்லியிருக்க வேண்டும். இவள் போன இடத்தில் கருவியைப் பிடித்தது டாக்டரே இல்லையாம்!

கண்ணோரம் கோடு விழுகிறது என்று நீயும் புலம்பினாயே. முதலில் தினமும் சன்ஸ்க்ரீன் பூசு. ராத்திரிக்கு ட்ரெடினாயின் க்ரீம், அதுவும் டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான். அப்புறமும் ஆசை விடவில்லையென்றால் மார்கழியில் வைத்துக்கொள். கல்யாணமும் கிடையாது, வெயிலும் குறைவு.

நாத்தனாருக்கு இப்போது திட்டைவிடப் பெரிய கவலை, பேக்கேஜ் பணம் கட்டியதில் மிச்சமிருக்கும் சிட்டிங்குகள். அதையெல்லாம் அண்ணி பேருக்கு மாற்றித் தருவீர்களா என்று அங்கே கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்!

உன்,
ராஜி