ஆறு கிலோ ரூட்டரும் அரை நூல் உயரமும்

திங்கள்

பூஜை அறைக் கதவுக்கான தேக்குப் பலகைகளை இழைத்து அடுக்கியாயிற்று. நடுவில் வரும் பேனல்களுக்கு நாலு ஓரத்திலும் சரிவு இறக்க வேண்டும். அதற்கான பிட் 80 மி.மீ. விட்டம். இவ்வளவு பெரிய பிட்டை மாட்டி ரூட்டரைக் கையில் பிடித்து ஓட்டக் கூடாது. நிமிடத்துக்கு 22,000 சுற்றில் விட்டால் பிட்டின் விளிம்பு மணிக்கு 330 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். வேகத்தை 10,000 சுற்றுக்குக் குறைத்து, மிஷினை மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டி, பலகையை வலமிருந்து இடமாகத் தள்ளுவதுதான் முறை. எங்கள் மேசையில் தொங்குவது அரை அங்குல கோலெட் உள்ள பெரிய ரூட்டர். எடை ஆறு கிலோ.

தேக்கில் ஒரே தள்ளில் முழுச் சரிவும் எடுக்க முடியாது. கொஞ்சம் எடுத்து, பிட்டை ஏற்றி, மறுபடி கொஞ்சம் எடுத்து, கடைசி ஓட்டத்தில் தாள் கனத்துக்குச் சீவினால்தான் முகம் வழவழப்பாக வரும். ஆக ஒரு கதவுக்கே உயரத்தைப் பல தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. இன்றைய பகலை விழுங்கியது அந்த வேலைதான். மரம் அறுபட்ட நேரம் சொற்பம்.

தம்பி பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேசைக்கு அடியில் மண்டியிடுவான். இடது கையால் லாக்கைத் தளர்த்தி, வலது உள்ளங்கையால் மோட்டாரை மேலே தள்ளுவான். நான் மேலே ஸ்கேலை நிறுத்திப் பார்த்துக்கொண்டு, "ஏத்து... இன்னும் கொஞ்சம்..." என்பேன். மோட்டார் அசையாது. அழுத்திப் பார்ப்பான், அசையாது. இன்னும் அழுத்துவான், சட்டென்று ஒரு நூல் தாவிவிடும். எனக்கு வேண்டியது அரை நூல். இறக்கச் சொன்னால் இரண்டு நூல் இறங்கும்.

"கை நடுங்குதுங்ண்ணா. புடிச்சுக்கிட்டே லாக் போட முடியலீங்க" என்றான். பத்தொன்பது வயசு, சிமென்ட் மூட்டையைத் தோளில் போட்டு மாடி ஏறுகிற உடம்பு. அவன் கையே நடுங்குகிறது என்றால் கோளாறு கையில் இல்லை.

செவ்வாய்

ராத்திரி படுத்தும் இதே யோசனை. ஆறு கிலோவைத் தூக்குவதற்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு?

காலையில் ரூட்டரை மேசையிலிருந்து கழற்றி பெஞ்சில் நேராக நிறுத்தினேன். லாக்கை விட்டதும் மோட்டார் தானாக மேலே எழும்பி நின்றது. அதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வகை ரூட்டர் கையில் பிடித்து மரத்துக்குள் அமுக்குவதற்காக உண்டானது. கையை எடுத்ததும் பிட் மரத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதற்காக இரண்டு தூண்களிலும் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். மோட்டாரின் முழு எடையையும் மேலே உந்தித் தாங்கும் பலம் அந்த ஸ்பிரிங்குகளுக்கு இருந்தாக வேண்டும். கையில் ஓட்டும்போது அது உயிரைக் காக்கிற ஏற்பாடு.

தலைகீழாக மாட்டியதும் எல்லாம் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. மோட்டாரின் எடை கீழே இழுக்கிறது, ஸ்பிரிங்கும் கீழேயே உந்துகிறது. எடையைத் தாங்குகிற ஸ்பிரிங் என்றால் அதன் பலம் குறைந்தது அந்த எடை அளவாவது இருக்கும். தம்பி தள்ளியது ஆறு கிலோவை அல்ல, அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பிட்டை ஏற்ற ஏற்ற ஸ்பிரிங் இன்னும் இறுகும். சரியான உயரத்தை நெருங்கி, விரல் நிதானமாக இருக்க வேண்டிய நேரத்தில்தான் பாரம் உச்சத்தில் நிற்கும். மண்டியிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒற்றைக் கையில் இதைச் செய் என்று ஒரு பையனிடம் சொல்வது நியாயமே இல்லை.

எங்கள் மிஷினில் தூணின் தலையில் மூடியைத் திருகினால் ஸ்பிரிங் வெளியே வருகிறது. உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே கடைசி மரையை விட வேண்டும்; இல்லையென்றால் முகத்துக்கே பாயும். இரண்டு ஸ்பிரிங்கையும் எடுத்து, துணியில் சுற்றி, "ரூட்டர்" என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். இந்த மிஷின் மேசையை விட்டு இறங்குவதில்லை. என்றாவது கையில் எடுத்து ஓட்டுவதாக இருந்தால் அவற்றைப் போடாமல் ஓட்டக் கூடாது.

புதன்

ஸ்பிரிங் போனதும் பாரம் பாதியாகிவிட்டது. திணறல் மட்டும் போகவில்லை. இன்னும் ஒட்டுகிறது, இன்னும் தாவுகிறது.

முதலில் தூண்களைத் துடைத்தேன். தேக்குத்தூளில் எண்ணெய்ப் பசை உண்டு. அது தூணில் பிசினாகப் படிந்து கறுத்திருந்தது. டர்பன்டைன் நனைத்த துணியால் தேய்த்து எடுத்து, காய்ந்ததும் மெழுகு பூசித் துடைத்துவிட்டேன். இங்கே எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கும், மறுநாள் தூளைக் குழைத்துக் களிம்பாக்கி வைக்கும்.

மத்தியானம், பக்கத்துப் பட்டறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெரிய ஆசாரி வந்தார். இழைப்புளியும் உளியுமாகவே காலம் கழித்தவர், ரூட்டரைத் தொட மாட்டார். தம்பி குனிந்து தள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "தம்பி, பழைய பீரோவுல அகலமான டிராயரு ஒண்ணு இருக்குமே, ஒத்தைப் பக்கம் புடிச்சுத் தள்ளுனா கோணிக்கிட்டு உள்ள போகாது பாருங்க. அதேதான் இது. நடுவுல தள்ளச் சொல்லுங்க" என்றார்.

அதேதான். மோட்டார் இரண்டு தூண்களில் சறுக்குகிறது. தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி அதிகம், தூணைப் பிடித்திருக்கும் புஷ்ஷின் நீளம் குறைவு. ஓரமாகத் தள்ளினால் மோட்டார் மயிரிழை சாய்கிறது, புஷ்ஷின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் தூணைக் கடித்துக்கொள்கின்றன. பலத்தைக் கூட்டக் கூட்டக் கடியும் கூடும். பிடி விட்டதும், சேர்ந்திருந்த பலம் மொத்தமும் ஒரே தாவலாக வெளிப்படும். மேசைக்கு அடியில் லாக் ஒரு பக்கம், வயர் இன்னொரு பக்கம் என்றிருக்கையில், தம்பியின் கை நடுவுக்குப் போகவே வழியில்லை.

வியாழன்

மாருதி வேனின் பழைய கத்தரி ஜாக்கி ஒன்று மூலையில் கிடந்தது. மேசையின் கீழ்த்தட்டில், மோட்டாரின் நேர் நடுவுக்குக் கீழே வைத்தேன். மோட்டார் மூடியில்தான் காற்று இழுக்கும் துளைகள் இருக்கின்றன. அவை அடைபட்டால் காயில் சூடேறிப் போய்விடும். அதனால் வேப்பங்கட்டையில் வளையம் ஒன்று கடைந்து, துளைகளை விட்டு விளிம்பை மட்டும் தாங்குகிற மாதிரி இடையில் கொடுத்தேன்.

ஜாக்கியைத் திருகியதும் மோட்டார் சத்தமில்லாமல் ஏறியது. தாவல் இல்லை. தம்பி சிரித்தான். மூன்று பேனல்களை மதியத்துக்குள் முடித்தோம்.

இருந்தாலும் கத்தரி ஜாக்கியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தாழ்ந்து மடிந்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு நிறைய ஏறும், நிமிர நிமிரக் கொஞ்சமாக ஏறும். இன்றைக்கு அரைச் சுற்றில் கிடைத்த உயரம் நாளைக்கு முக்கால் சுற்றில்தான் கிடைக்கும். கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. பேனல் சரிவுக்கு இது போதும். சட்டத்தில் பள்ளமும் குறுக்குச் சட்டத்தில் நாக்கும் எடுத்துச் சேர்க்கிற வேலைக்குப் போதாது. அங்கே இரண்டு பிட்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். 0.2 மி.மீ. பிசகினாலும் பாலிஷ் போட்ட பிறகு நகத்தால் தடவினால் படி தட்டும். வாடிக்கையாளர் கதவைத் தடவித்தான் பார்ப்பார்.

வெள்ளி

கோவை கணபதியில் லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். காகிதத்தில் வரைந்து காட்டினேன். "ஜாக்கி எதுக்குங்க? நேர் மரைத் தண்டு போட்டா முடிஞ்சுது. எம்.10 போல்ட் மரை ஒரு சுத்துக்கு ஒன்றரை எம்.எம்." என்றார். ஒன்றரை மி.மீ. என்பது ஏறக்குறைய அரை நூல். நான் தேடிக்கொண்டிருந்த அளவே அதுதான்.

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து இருவரும் செய்தோம். மேசையின் கால்களுக்கு இடையே குறுக்காக ஒரு சேனல் இரும்பு. அதன் நடுவில் ஒரு பேரிங், பேரிங்மேல் எம்.10 நட். அந்த நட்டோடு ஒரு சைக்கிள் பல்சக்கரத்தை வெல்டு வைத்தார். நட்டுக்குள் மரைத் தண்டு. தண்டின் தலையை மோட்டாரைத் தாங்கும் வளையத்தில் பூட்டிவிட்டதால் தண்டு சுற்றாது. நட் சுற்றும்போது ஏறும், இறங்கும், அவ்வளவுதான். அதே அளவில் இன்னொரு பல்சக்கரத்தை மேசை ஓரத்தில் ஒரு செங்குத்துத் தண்டில் மாட்டி, இரண்டையும் சைக்கிள் செயினால் இணைத்தார். அந்தத் தண்டின் அறுகோணத் தலை மேசைப் பரப்புக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கிறது. பாக்ஸ் ஸ்பேனரை மேலிருந்தே விட்டுத் திருகலாம். துளையைச் சுற்றிப் பித்தளைத் தகட்டில் 15 கோடுகள் கீறினார். ஒரு கோடு திருப்பினால் பத்தில் ஒரு மி.மீ.

வேலை முடிந்ததும் அண்ணன் ஸ்பேனரைப் பிடித்து இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தார். முழு ரூட்டரும் ஏறி வந்தது. முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கையைத் துடைத்தார். இப்படிப்பட்ட கைகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஞாயிறு

நேற்று முழுக்க ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத் தம்பிக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த உயரத்துக்கு வந்தாலும் ஏற்றி வந்தே நிறுத்த வேண்டும். இறக்கி நிறுத்தினால், தூண் சற்றே பிடித்திருந்த மோட்டார், பிட் மரத்தில் பட்டு அதிரும்போது மெல்ல அமர்ந்துவிடும். அதிகமாக ஏறிவிட்டால் ஒரு சுற்று கீழே போய்த் திரும்ப ஏறி வா. மரைத் தண்டு தாங்குகிறதே என்று லாக்கை விட்டுவிடாதே; அதிர்வில் மோட்டார் ஆடும். லாக் போடும்போதும் உயரம் கொஞ்சம் நகரும், அதனால் லாக் போட்ட பிறகே அளக்க வேண்டும். பிட்டைக் கோலெட்டின் அடி முட்டும்வரை தள்ளாமல் இரண்டு மி.மீ. தூக்கி வைத்து இறுக்கு, அப்போதுதான் கோலெட் முழுப் பிடி பிடிக்கும். அளவு சரியா என்பதை ஸ்கேல் சொல்லாது. அதே தேக்கின் துண்டில் ஓட்டிப் பார். எல்லாவற்றுக்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்கி உன் கண்ணுக்கு எதிரே மேசைமேல் வை.

டிரைட்டன் நிறுவனத்தின் 2,400 வாட் ரூட்டரில் மேலிருந்தே கைப்பிடி விட்டு உயரம் மாற்றும் வசதி இருக்கிறது. மேசையில் மாட்டும்போது ஸ்பிரிங்கை எடுத்துவிடவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள். கனடாவின் ஜெசெம் நிறுவனம் இதற்கென்றே தனி லிஃப்ட் செய்கிறது. ஆக, உலகம் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. நம் ஊர்த் தச்சுப் பட்டறைகளில் பையன்கள்தான் இன்னும் மேசைக்கு அடியில் மண்டியிட்டுக் கிடக்கிறார்கள்.

கோவையின் பட்டறைக்காரர்களிடம் கேட்கிறேன். பம்பும் மோட்டாரும் வெட் கிரைண்டரும் செய்து நாடு முழுக்க அனுப்புகிற ஊர் இது. ஒரு மரைத் தண்டு, ஒரு நட், இரண்டு பல்சக்கரம், ஒரு செயின் — இதற்கு மேல் இந்த லிஃப்டில் ஒன்றுமில்லை. ஆறு கிலோ ரூட்டரைத் தாங்குகிற ஒன்றை வார்த்துத் தச்சர்கள் கொடுக்கக்கூடிய விலையில் விற்பனைக்குக் கொண்டுவாருங்கள். முதல் இரண்டை நான் வாங்கிக்கொள்கிறேன். ஒன்று எனக்கு, இன்னொன்று தம்பி தனியாகப் பட்டறை போடும்போது அவனுக்கு.