நம்மூர் மீன், அந்த ஊர் வில்லன்

சிங்க மீனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நேரில் இல்லாவிட்டாலும் டிஸ்கவரி சேனலிலாவது. உடம்பெல்லாம் சிவப்பும் வெள்ளையுமாக வரி, விசிறி மாதிரி விரிந்த துடுப்பு, முதுகில் வரிசையாக 13 விஷ முட்கள். கல்யாண மண்டப வாசலில் பட்டு வேட்டியோடு நிற்கும் பெண்ணின் தாய்மாமன் மாதிரி ஒரு மிதப்பு. இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும்தான் அதற்குப் பிறந்த வீடு. நம் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. இங்கே யாரும் அதைத் தேடிப் போய்க் கொல்வதில்லை.

அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில், கொல்கிறார்கள். மற்ற மீனுக்கெல்லாம் இத்தனை அங்குலம், இத்தனை எண்ணிக்கை, இந்த மாசம்தான் என்று சட்டம் பேசுகிற ஊர். சிங்க மீன் என்றால் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள், போட்டி வைத்துப் பரிசும் தருகிறேன் என்கிறது.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1985-ல் மயாமிக்கு வடக்கே டானியா பீச் பக்கம் முதல் சிங்க மீனைப் பார்த்தார்கள். வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்த்தவர் யாரோ, அலுத்துப்போய்க் கடலில் விட்டிருக்க வேண்டும். 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஒரு தொட்டியை உடைத்ததால்தான் தப்பித்தது என்று ஒரு கதை சொல்வார்கள். புயல் வந்தது ஏழு வருஷம் கழித்து. பாவம், புயல் மேல் எந்தப் பழியையும் போடலாம், திருப்பிப் பேசாது!

ஒரு பெண் மீன் வருஷத்துக்கு 20 லட்சம் முட்டை வரை இடும். அந்தக் கடலில் அதைத் தின்ன ஆளே இல்லை என்று சொல்லலாம். அங்கிருக்கிற குட்டி மீன்களுக்கோ இது எமன் என்றே தெரியாது, பக்கத்திலேயே போய் நிற்கும். பஹாமாஸில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2008-ல் வெளியானது. சிங்க மீன் குடியேறிய சின்னச் சின்னப் பாறைகளில், ஐந்தே வாரத்தில் புதிதாக வந்து சேரும் மீன் குஞ்சுகளின் வரவு 79 சதவீதம் குறைந்துவிட்டதாம். தூண்டிலையும் இது லேசில் சீந்தாது. நாமே கீழே போய், நேருக்கு நேர் நின்று குத்தினால்தான் உண்டு.

பென்சகோலாவில் இருக்கும் என் கல்லூரி நண்பன் (பட்டப்பெயர் ‘ஆடிட்டர்’, தொழிலும் அதேதான்) பல வருஷமாக இதைச் செய்கிறான். கூட்டாளி ஒரு மலையாளி பல் டாக்டர். போன வருஷம் போயிருந்தபோது என்னையும் படகில் ஏற்றிவிட்டார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

முதல் இடம், கரையிலிருந்து ஒன்பது மைல் தள்ளி, 80 அடி ஆழத்தில் கிடக்கும் ‘சான் பாப்லோ’. வாழைப்பழம் ஏற்றிய கப்பல். 1942-ல் கோஸ்டா ரிகாவில் ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கியது. மீட்டு ஃப்ளோரிடாவுக்கு இழுத்து வந்தார்கள். 1944-ல் ரகசிய ஆயுத சோதனை ஒன்றுக்காக அமெரிக்காக்காரர்களே அதை வெடிவைத்து மூழ்கடித்தார்கள். ரகசியம் வெளியே வராததால் உள்ளூர்க்காரர்கள் ரொம்ப காலம் ‘ரஷ்யன் ஃப்ரெய்ட்டர்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு 60 அடி வரைதான் போக சர்ட்டிஃபிகேட். அதனால் படகிலேயே உட்கார்ந்து, வெள்ளைப் பட்டை போட்ட சிவப்புக் கொடியையும், மேலே வரும் காற்றுக் குமிழிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணியில் இருவரும் ஏறினார்கள். டாக்டர் முகத்தில் ரத்தமே இல்லை. மீனைக் குழாயில் தள்ளும்போது கையுறையைத் துளைத்து, ஆள்காட்டி விரலில் முள் ஏறியிருந்தது. டிரில் பிடிக்கிற விரல்!

கேப்டன் பதறவில்லை. அதற்கென்றே ஃப்ளாஸ்கில் வெந்நீர் வைத்திருந்தார். பொறுக்கிற சூட்டுக்கு விளாவிக் கையை முக்கச் சொன்னார். இந்த விஷம் ஒரு புரதம், சூட்டில் அதன் வீரியம் போய்விடும். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, “பேஷன்ட்கிட்ட எல்லாம் எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொல்லியிட்டுண்டு. இனி சொல்ல மாட்டேன்” என்றார். ஒன்றரை மணி நேரம் ஆனது வலி அடங்க. திரும்பிப் போகலாமா என்று கேட்டதற்கு முறைத்தார்.

அடுத்து, 50 அடியில், 1974-ல் மூழ்கிய மூன்று நிலக்கரி பார்ஜ்கள். டாக்டரைக் காவலுக்கு வைத்துவிட்டு நானும் ஆடிட்டரும் இறங்கினோம். துருப்பிடித்த தகட்டின் அடியில், தலைகீழாக, துடுப்பை விரித்தபடி ஒன்று. ஒன்றே ஒன்றுதான். முன்பெல்லாம் டஜன் கணக்கில் நிற்குமாம். 2017-ல் தோலில் புண் வரும் நோய் ஒன்று பரவி, இந்தப் பக்கம் எண்ணிக்கை நன்றாகவே குறைந்துவிட்டது. ஆடிட்டர் ஈட்டியை என்னிடம் நீட்டினான்.

நுனியில் மூன்று முனை, சின்னத் திரிசூலம் மாதிரி. பின்னால் கவட்டை ரப்பர். இழுத்துப் பிடித்துக் கையை விட்டால் பாயும். ஒரு முழத் தூரத்துக்குப் போய்விட்டேன். அது நகரவே இல்லை. தன்னைத் தொட ஆள் கிடையாது என்ற நம்பிக்கை. ஊரில் பார்த்திருந்தால் போட்டோ எடுத்துவிட்டு வந்திருப்பேன். விட்டேன். ரத்தம் பச்சையாக வந்தது. அந்த ஆழத்தில் சிவப்பு வெளிச்சம் எட்டாது, அதனால் அப்படித் தெரியும் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, பார்ப்பது வேறு. சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிற்றைப் பிசைந்ததும் நிஜம்.

ஈட்டியைப் பிடித்தவனுக்குத் தான் கொல்வது எந்த மீன் என்று தெரியும். இழுவலைக்குத் தெரியாது. குஞ்சு, குருமான், கடல் குதிரை எல்லாம் ஒரே வாரில் வந்து மேல்தட்டில் கொட்டும். வேட்டை என்றால் முகம் சுளிக்கிற நாம், தட்டில் இருக்கிற இறால் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. சிங்க மீன் அங்கே போன மாதிரி இங்கேயும் ஒன்று வந்திருக்கிறது. வளர்த்து விற்கலாம் என்று வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவுப் பவளப்பாறைகளைப் போர்வை மாதிரி மூடிக்கொண்டது. அதை ஈட்டியால் குத்த முடியாது. ஆள் இறங்கிக் கையால்தான் பிய்க்க வேண்டும்.

சாயங்காலம் ஆடிட்டர் வீட்டுச் சமையலறையில், கத்தரியால் முள்ளையெல்லாம் வெட்டி எடுத்தான். விஷம் முள்ளில் மட்டும்தான், சதையில் கிடையாது. நான் குத்தியதன் வயிற்றைக் கீறினான். விரல் நீளத்தில் ஏழு மீன், ஒரு இறால். ஒன்றுக்குக் கண் இன்னும் கலங்கவில்லை. அவன் மனைவி எட்டிப் பார்த்து, “அண்ணா, அதெல்லாம் பார்க்காதீங்க, அப்புறம் சாப்பாடு இறங்காது” என்றார்.

மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் எலுமிச்சை. வெள்ளைச் சதை, வஞ்சிரத்தை விட மெத்து. டாக்டருக்கு வலது கை வீங்கியிருந்ததால் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். நாலு துண்டு.