சர்க்கரைச் சட்டை போட்ட கிருமி

உடம்புக்குள் நுழையும் எல்லாப் பொருளும் எதிர்ப்பைத் தூண்டிவிடுவதில்லை. அந்நியமாக இருந்தால் மட்டும் போதாது. மூலக்கூறு பெரிதாக, அமைப்பில் சிக்கலாக இருக்க வேண்டும். புரதங்கள் சிறந்த ஆன்டிஜென்களாக இருப்பது இதனால்தான்.

ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயன்சே பி, சுருக்கமாக ஹிப், என்ற பாக்டீரியா (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், ஃப்ளூ காய்ச்சலைத் தருவது வைரஸ்) சர்க்கரைச் சங்கிலியாலான உறையைப் போர்த்தியிருக்கும். பெரியவர்களின் உடல் அதற்கு எதிர்ப்பொருள் செய்துவிடும். ஆனால் சர்க்கரையை டி செல்கள் கண்டுகொள்வதில்லை. அவற்றின் உதவியில்லாமல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் பி செல்கள் சரியாக வேலை செய்யாது. ஹிப் மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்கியதோ அந்த வயதில்தான். 1985இல் அமெரிக்காவில் வந்த முதல் தடுப்பூசி வெறும் சர்க்கரை. யாருக்கு அவசியமோ அவர்களுக்கே பலிக்கவில்லை!

தீர்வு என்னவோ பழையது. 1931இலேயே ஏவரியும் கோபலும் கிருமிச் சர்க்கரையைப் புரதத்தோடு ஒட்டிப் பார்த்திருந்தார்கள். ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும் ஹிப்புக்கு அதையே செய்தார்கள். புரதத்தைத் தேடி வந்த டி செல், சர்க்கரையைப் பிடித்த பி செல்லுக்கு உதவியது. 1990இல் கைக்குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்தது. இந்திய அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில், முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசிக்குள் அது வந்தது. 6, 10, 14 வாரங்களில் குழந்தையின் தொடையில் போடுகிறார்கள்.