கிராஃப்டன் கரடிகள்

"அரசு ஒதுங்கினால் போதும், மீதியை மக்களே பார்த்துக்கொள்வார்கள்" என்று லிபர்டேரியன் நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள கிராஃப்டன் நினைவுக்கு வரும்.

ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர் அது. 2004 முதல் இந்தக் கொள்கைக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். ஊர்க்கூட்டத்தில் ஓட்டுப் போட்டு வரியையும் செலவையும் வெட்டினார்கள். சாலைக் குழிகள் பெருகின. அது பரவாயில்லை, நமக்குப் பழகியதுதான். சிக்கல் கரடிகளால் வந்தது. ஒருவர் குப்பையைத் திறந்தே போட்டார், இன்னொருவர் கரடிக்கு டோநட் வைத்தார். என் நிலம், என் இஷ்டம். ஆனால் டோநட் ருசி கண்ட கரடிக்கு வேலி எல்லை தெரியுமா? 2012-இல் ஒரு பெண்ணை அவர் வீட்டு வாசலிலேயே தாக்கியது ஒரு கரடி. மாத்யூ ஹாங்கோல்ட்ஸ்-ஹெட்லிங் இதையெல்லாம் 2020-இல் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். அதே மாநிலத்தில் சம்பளத்துக்கு மாநில வருமானவரி இல்லை, பொது விற்பனைவரியும் இல்லை. மாநிலம் நன்றாகவே நடக்கிறது. (சொத்துவரி கழுத்தை நெரிக்கும், அது வேறு கதை.) ஆக, குறைந்த அரசு சாத்தியம்தான். லைசென்ஸுக்கு அலைந்த எவருக்கும் அந்த ஆசை புரியும்.

என் கேள்வி ஒன்றுதான். நான் என் நிலத்தில் செய்வது உங்கள் வாசலுக்கு வந்து நின்றால், பொது விதியும் அதை அமல்படுத்த ஆளும் இல்லாமல் எப்படித் தீர்ப்பீர்கள்? நடைமுறையில் செல்லும் பதில் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.