யாரைக் கொண்டது இப்பிள்ளை?

பிறந்த ஏழாம் நாள் பிள்ளைக்குப் பெயர் சூட்டும் வைபவம். அகீகா விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டு வந்த வேளையில், பெரியவர் ஒருவர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். "வாப்பாவும் சிவப்பு, உம்மாவும் சிவப்பு. இந்தக் கருப்பு யாரைக் கொண்டதோ?" என்றார். சிலர் சிரித்தனர். பிள்ளையின் தந்தை தலை குனிந்தார். கதவுக்கு அப்பால் நின்ற என் சகோதரி மகளின் காதிலும் அச்சொல் விழுந்தது. முப்பதாண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்த நான், வாய் திறவாது அமர்ந்திருந்தேன்.

அவ்வினாவுக்குரிய விடையை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. 1956ஆம் ஆண்டில் சியோ, லெவான் என்னும் இருவர் சரியாக எண்ணிச் சொல்லும் வரை, நூல்கள் அவற்றை 48 என்றே எழுதி வந்தன. அவை 23 இணைகளாக அமைந்தவை. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது.

கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது மட்டும் இவ்வெண்ணிக்கை பாதியாகிறது. குன்றல் பிரிவு என்பது அதன் பெயர். பாதியாகாவிடில் தலைமுறைதோறும் எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும் அன்றோ! பிரிவதற்கு முன்னர் ஒவ்வோர் இணையும் அருகருகே வந்து கிடக்கின்றது. இரண்டு மணிமாலைகள் ஒரே இடத்தில் அறுந்து, துண்டு மாற்றி முடிந்துகொள்வதைப் போல, அவை தம் கூறுகளை மாற்றிக்கொள்கின்றன. பின்னர், இணையில் எது எப்பக்கம் செல்லும் என்பதற்கு முன்குறிப்பு ஏதுமில்லை. துண்டு மாற்றத்தை விட்டுவிட்டு, இப்பிரிவை மட்டும் கணக்கிட்டாலே ஒருவரிடம் 83,88,608 வகைச் சேர்க்கைகள் உருவாகக்கூடும். பெற்றோர் இருவரையும் சேர்த்தால் அது 70 லட்சம் கோடியைத் தாண்டும்.

தோலின் நிறமோ ஒரு மரபணுவால் அமைவதன்று. பல மரபணுக்கள் கூடி அதனை அமைக்கின்றன. சிவந்த பெற்றோரிடம் வெளித்தெரியாது சிதறிக் கிடந்த கருமைக் கூறுகள் ஒரு பிள்ளையிடம் ஒன்றுகூடிவிடலாம். என் உம்மா நல்ல கருநிறம். அவர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அன்று சிரித்தவர்களுள் சிலர் அவர் கையால் உண்டு வளர்ந்தவர்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் கிராமத்து அரபி ஒருவர் வந்து, தம் மனைவி கருநிறப் பிள்ளையைப் பெற்றிருப்பதாக ஐயத்தோடு முறையிட்டார். அண்ணலார் அவருடைய ஒட்டகங்களைப் பற்றி வினவினார்கள். அவை சிவப்பு நிறம் என்றார் அவர். அவற்றுள் சாம்பல் நிறத்ததும் உண்டா என்று கேட்க, உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க, முன்னோர் வழி ஏதேனும் ஈர்த்திருக்கலாம் என்றார். உம் பிள்ளையையும் அவ்வாறே ஈர்த்திருக்கலாம் என்று அவர் வாயாலேயே அவருக்கு விடையளித்து, ஒரு பெண்ணின் மானத்தைக் காத்தார்கள் அண்ணலார். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி இது. இதற்கு நுண்ணோக்கியின் சான்று வேண்டியதில்லை. ஆயினும் நுண்ணோக்கி காட்டுவதை அறிந்த நாமும் நாவைக் காக்கவில்லையே!

விருந்தினர் சென்றபின், என் மருமகளிடம் இவை அனைத்தையும் சொன்னேன். உம்மாவின் பழைய புகைப்படத்தையும் காட்டினேன். அவள் அதைப் பிள்ளையின் முகத்தருகே பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே, மாமா?"

அன்று சொல்லாததை இன்று எழுதியிருக்கிறேன்.